யார் யாருக்குத் தர வேண்டும்?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். சிலர் தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள். சிலர் வீட்டிலேயே இட்லி அவித்து விற்றார்கள். இன்றும் விடியற்காலையில் அந்தச் சந்துகளில் இட்லிப் பானையின் ஆவி பறக்கும்.

அப்படி இட்லி விற்கும் ஒருவரைப் பாக்கியம் அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கதையைக் கேளுங்கள். இந்தப் பாடம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

பாக்கியம் அக்கா ஒரு தையல் பட்டறைக்குத் தினமும் 20 தட்டு இட்லி கொடுப்பார். ஒரு தட்டு 20 ரூபாய். ஒரு நாளைக்கு 400 ரூபாய். ஒரு சமயம் 12 நாள் பணம் வரவில்லை. பாக்கி 4,800 ரூபாய் ஆகிவிட்டது. அரிசிக் கடையில் அக்காவுக்குக் கடன் ஏறிக்கொண்டே போனது.

பட்டறை முதலாளி வடக்கிலிருந்து வந்தவர். எல்லோரும் அவரைச் சேட் என்பார்கள். அவர் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட்டார். திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

"மௌசி, கவலை வேண்டாம். சீட்டு எழுதித் தருகிறேன். என் தம்பி பட்டறையைப் பார்த்துக்கொள்வான். சம்பளப் பணம் வந்ததும் அவனிடம் இந்தச் சீட்டைக் காட்டுங்கள். பணம் தருவான்" என்று இந்தியில் சொன்னார்.

மௌசி என்றால் சித்தி. மும்பையில் பெரிய பெண்களை அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்கள்.

பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் ஒரு தமிழ்ப் பையன். சேட்டுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. பட்டறையின் பில்லும் சீட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் பையன் ஆங்கிலத்தில் எழுதினான். சேட் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா சீட்டை மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

படிப்பு மையத்தில்

பாக்கியம் அக்கா இரவில் படிப்பு மையத்துக்குப் போவார். தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஆங்கில எழுத்துகளையும் கற்றுக்கொண்டார். அன்று இரவு சீட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

மேலே அவர் பெயரும் தேதியும் இருந்தன. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி:

ஷி வில் பே மீ 4,800 ருபீஸ்.

அதற்குக் கீழே சேட்டின் கையெழுத்து.

"டீச்சர், ஷி என்றால் அவள்தானே?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாம் அக்கா."

"மீ என்றால் என்ன?"

"எனக்கு. இல்லையென்றால் என்னை."

"பே என்றால் பணம் கொடுப்பதுதானே? அப்படியென்றால்..." அக்காவின் முகம் வாடியது. "அவள் எனக்கு 4,800 ரூபாய் கொடுப்பாள். கையெழுத்துப் போட்டவர் சேட். அவருக்கு நான் பணம் கொடுக்க வேண்டும் என்றல்லவா எழுதியிருக்கிறது!"

டீச்சர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அக்கா படித்தது சரிதான். வர வேண்டிய பாக்கி தர வேண்டிய கடனாக மாறியிருந்தது. அதை மாற்றியவை இரண்டு சின்னச் சொற்கள்.

"அந்தப் பையன் என்னை ஏமாற்றிவிட்டானா?" என்று அக்கா கேட்டார்.

"ஏமாற்றியிருக்க மாட்டான். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். எங்கே தவறினான் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார் டீச்சர்.

நாமும் பார்ப்போம்.

இந்தப் பாடத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு உங்கள் மையத்தில் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்ததுதான்

கீழே உள்ள இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

நான் அவனைக் கூப்பிட்டேன்.
அவன் என்னைக் கூப்பிட்டான்.

இரண்டும் ஒன்றா? இல்லை. முதல் வாக்கியத்தில் கூப்பிட்டது நான். இரண்டாவதில் கூப்பிட்டது அவன்.

நான், அவன், அவள், நாங்கள், அவர்கள் ஆகியவை பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள். இவற்றைப் பிரதிப்பெயர் என்பார்கள். செயலைச் செய்பவரைச் சொல்லும்போது நான் என்கிறோம். செயல் நம்மேல் வரும்போது என்னை, எனக்கு என்கிறோம். "என்னைப் போனேன்" என்று யாரும் சொல்வதில்லை. "நான் கூப்பிட்டான்" என்றும் சொல்வதில்லை. இதை நமக்கு யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லை. தாயின் மடியிலேயே கற்றுக்கொண்டோம்.

ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு இருக்கிறது. செய்பவருக்கு ஒரு சொல். செயலை ஏற்பவருக்கு வேறு சொல். இலக்கணத்தில் முதலாவதை எழுவாய் என்றும் இரண்டாவதைச் செயப்படுபொருள் என்றும் சொல்வார்கள். பெயர் கடினமாக இருந்தால் விட்டுவிடுங்கள். "செய்வது யார்? யாரை, யாருக்கு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஐந்து ஜோடிகள்

செய்பவர் சொல்லை முதலில் படியுங்கள். ஏற்பவர் சொல்லை அடுத்துப் படியுங்கள்.

நான் – ஐ. என்னை, எனக்கு – மீ.
அவன் – ஹி. அவனை, அவனுக்கு – ஹிம்.
அவள் – ஷி. அவளை, அவளுக்கு – ஹெர்.
நாம், நாங்கள் – வி. நம்மை, நமக்கு, எங்களை, எங்களுக்கு – அஸ்.
அவர்கள், அவை – தே. அவர்களை, அவர்களுக்கு, அவற்றை – தெம்.

இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. அவை மாறுவதே இல்லை.

நீ, நீங்கள் – யூ. உன்னை, உனக்கு, உங்களை, உங்களுக்கு – இதற்கும் யூ.
அது – இட். அதை, அதற்கு – இதற்கும் இட்.

தமிழில் என்னை வேறு, எனக்கு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மீ ஒன்றே போதும். நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வி ஒன்றே. இந்த இடத்தில் தமிழைவிட ஆங்கிலம் எளிது.

நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறோம். ஹி, ஹிம். தே, தெம். ஏற்பவர் சொல் "ம்" என்று முடிகிறது பாருங்கள். யார் என்று கேட்கும் ஹூ என்ற சொல்லும் இப்படித்தான். யாரை, யாருக்கு என்றால் ஹூம்.

ஐ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து. நேராக நிற்கும் தூண் போல இருக்கும். வரியின் நடுவில் வந்தாலும் அதைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும்.

இடம் மாறினால் பொருள் மாறும்

மையத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சி ஒருவரும் படிக்கிறார். அவர் கேட்டார்: "டீச்சர், சொல் தெரிந்தால் போதாதா? முன்னே பின்னே எழுதினால் என்ன?"

டீச்சர் கரும்பலகையில் எழுதினார்:

நான் அவளுக்கு 100 ரூபாய் தந்தேன்.
அவளுக்கு நான் 100 ரூபாய் தந்தேன்.
100 ரூபாய் தந்தேன் அவளுக்கு நான்.

"இதில் பணம் தந்தது யார்?"

"மூன்றிலும் நான்தான்" என்றார் அண்ணாச்சி.

"எப்படித் தெரிந்தது?"

அண்ணாச்சி யோசித்தார். "அவளுக்கு என்று இருக்கிறதே. 'க்கு' வந்தால் வாங்கியது அவள். தந்தேன் என்று வேறு இருக்கிறது. தந்தேன் என்றாலே நான்தானே?"

மிகச் சரி. தமிழில் சொல்லின் கடைசியில் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஐ", "க்கு" என்ற ஒட்டுகள் யாரை, யாருக்கு என்று காட்டுகின்றன. தந்தேன், தந்தாள், தந்தார்கள் என்று வினையின் முடிவும் செய்தவரைக் காட்டுகிறது. ஆகவே சொற்களை எங்கே வைத்தாலும் பொருள் கெடுவதில்லை. "நான்" என்பதை விட்டுவிட்டு "தந்தேன்" என்று மட்டும் சொன்னால்கூடப் புரியும்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தந்தேன், தந்தாள், தந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: கேவ். அதைப் பார்த்துத் தந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் செய்பவர் சொல்லை விடக் கூடாது. அதற்குரிய இடமும் உண்டு.

முதலில் செய்பவர். நடுவில் செயல். பிறகு ஏற்பவர்.

ஐ கேவ் ஹெர் 100 ருபீஸ். நான் அவளுக்கு 100 ரூபாய் தந்தேன்.
ஷி கேவ் மீ 100 ருபீஸ். அவள் எனக்கு 100 ரூபாய் தந்தாள்.

தராசின் நடு முள்ளைப் போலச் செயல் நடுவில் நிற்கிறது. இந்தப் பக்கம் செய்பவர், அந்தப் பக்கம் ஏற்பவர். தமிழில் செயல் பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவுக்கு வந்துவிடும்.

இப்போது பையன் தவறிய இடம் புரிகிறதா? அவன் மனத்தில் ஓடிய தமிழ் வாக்கியம் இதுவாக இருக்கலாம்: "இவருக்கு 4,800 ரூபாய் நான் தருவேன்." தமிழில் இது சரி. அவன் இவர் என்பதை முதலில் எழுதினான். அது ஷி ஆயிற்று. கடைசியில் நான் வந்தது. அதை மீ என்று எழுதினான். "க்கு" என்ற ஒட்டு நழுவிப் போயிற்று. அதோடு 4,800 ரூபாயும் நழுவப் பார்த்தது.

அவன் எழுதியிருக்க வேண்டியது:

ஐ வில் பே ஹெர் 4,800 ருபீஸ்.
நான் அவருக்கு 4,800 ரூபாய் தருவேன்.

அவர் என்றால் ஹியா, ஷியா?

இளம்பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அக்காவை ஷி என்கிறீர்களே. ஷி என்றால் அவள். மரியாதை இல்லையே?"

நல்ல கேள்வி. தமிழில் அவன், அவள், அவர் என்று மூன்று இருக்கின்றன. மதிக்கும் ஒருவரை அவர் என்கிறோம். அவர் என்றால் ஆணா பெண்ணா என்பது சொல்லில் தெரியாது. ஆங்கிலத்தில் ஹி, ஷி ஆகிய சொற்களுக்குள் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. கூலிக்காரர் ஆனாலும் கலெக்டர் ஆனாலும் ஆண் என்றால் ஹி, பெண் என்றால் ஷி. நீ, நீங்கள் இரண்டும் யூதான்.

மரியாதைக்காக ஒருவரைத் தே என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் பல பேர் என்று நினைத்துக்கொள்வார். மரியாதை காட்ட வேண்டுமானால் சார், மேடம், ப்ளீஸ் என்ற சொற்கள் இருக்கின்றன.

ஹெர் என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவளுடைய என்பதற்கும் ஹெர்தான். ஹெர் ஷாப் என்றால் அவளுடைய கடை. ஐ கால்டு ஹெர் என்றால் நான் அவளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்துப் பொருள் அறிய வேண்டும்.

சின்னச் சொற்களுக்குப் பின்னால்

டு, ஃபார், வித், ஃப்ரம். ஆங்கிலத்தில் இப்படிச் சில சின்னச் சொற்கள் இருக்கின்றன. நம் மொழியில் இவை சொல்லின் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் தனியாக முன்னால் நிற்கும். இவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஏற்பவர் சொல்லே வரும்.

எனக்கு – டு மீ.
எனக்காக – ஃபார் மீ.
அவனுடன் – வித் ஹிம்.
அவளிடமிருந்து – ஃப்ரம் ஹெர்.
எங்களுக்காக – ஃபார் அஸ்.
அவர்களுடன் – வித் தெம்.

"கம் வித் ஐ" என்று சொல்லக் கூடாது. "கம் வித் மீ" என்று சொல்ல வேண்டும். என்னுடன் வாருங்கள் என்று பொருள். தமிழில் "நானுடன் வா" என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். அதே கதைதான்.

வேலை செய்த இடத்தில் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா? சிலவற்றின் தலைப்பில் "டு ஹூம் இட் மே கன்சர்ன்" என்று இருக்கும். சம்பந்தப்பட்டவருக்கு என்று பொருள். டு என்ற சொல்லுக்குப் பின்னால் வந்ததால் ஹூ என்பது ஹூம் ஆயிற்று. பேச்சில் இப்போது பலர் ஹூம் வர வேண்டிய இடத்தில் ஹூ என்றே சொல்கிறார்கள். கேட்டால் குழம்ப வேண்டாம்.

இரண்டு பேர் சேர்ந்தால்

நானும் என் மகளும் வங்கிக்குப் போனோம். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

மை டாட்டர் அண்ட் ஐ வென்ட் டு த பேங்க்.

எனக்கும் என் மகளுக்கும் அவர் பணம் தந்தார் என்றால்?

ஹி கேவ் மை டாட்டர் அண்ட் மீ த மணி.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போது நன்றாகப் படித்தவர்களும் தவறுகிறார்கள். மீ என்று வர வேண்டிய இடத்தில் ஐ என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் தவறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. மகளைச் சற்று நேரம் வீட்டில் விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் இருப்பதாக நினைத்து வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

ஐ வென்ட் டு த பேங்க். சரி. ஆகவே மகளோடும் ஐ.
ஹி கேவ் மீ த மணி. சரி. ஆகவே மகளோடும் மீ.

பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தன்னைக் கடைசியில் சொல்வது ஆங்கிலத்தில் பணிவு. அதனால் மை டாட்டர் முன்னால் வந்தது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து யார் என்று கேட்டால் "இட்ஸ் மீ" என்று சொல்லலாம். நான்தான் என்று பொருள். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்கள் கையில் உள்ள பாடம்

ஒரு 100 ரூபாய் நோட்டை எடுங்கள். காந்தியின் படம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வாக்கியம் இருக்கும். ஆங்கில வாக்கியம் இது:

ஐ ப்ராமிஸ் டு பே த பேரர் த சம் ஆஃப் ஒன் ஹண்ட்ரட் ருபீஸ்.

இதை வைத்திருப்பவருக்கு 100 ரூபாய் தருவதாக நான் உறுதி கூறுகிறேன் என்று பொருள். அந்த ஐ யார்? கீழே உள்ள கையெழுத்தைப் பாருங்கள். அது ரிசர்வ் வங்கியின் கவர்னர் போட்டது. உறுதி சொல்பவர் அவர். ஆகவே வாக்கியம் ஐ என்று தொடங்குகிறது. பணம் பெறுபவர் த பேரர். நோட்டை வைத்திருப்பவர் என்று பொருள். அவர் பே என்ற செயலுக்குப் பின்னால் நிற்கிறார். இன்று அந்தப் பேரர் நீங்கள்!

பேரர் என்ற இடத்தில் பிரதிப்பெயர் போட வேண்டுமானால் என்ன போடுவோம்? பே ஹிம், பே ஹெர், பே யூ என்று போடலாம். பே ஹி, பே ஷி என்று போடக் கூடாது.

நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும். அதில் தமிழில் "நூறு ரூபாய்" என்று இருக்கும். கண்டுபிடித்துவிட்டீர்களா?

இன்னொரு பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. நம் அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டோம். அது 1950 ஜனவரி 26 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் முகப்புரை ஆங்கிலத்தில் வி என்ற சொல்லோடு தொடங்குகிறது. நாம் என்று பொருள். அஸ் என்று ஏன் தொடங்கவில்லை? சட்டத்தைச் செய்து ஏற்றுக்கொள்பவர்கள் இந்திய மக்களாகிய நாம். செய்பவர் சொல் முதலில் வந்தது.

சீட்டு திருந்தியது

மறுநாள் காலை பாக்கியம் அக்கா இட்லிக் கூடையோடு பட்டறைக்குப் போனார். சேட் அன்று மாலை ரயிலுக்குப் புறப்பட வேண்டும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அக்கா சண்டை போடவில்லை. சத்தமும் போடவில்லை. சீட்டை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

"தம்பி, நீ எழுதியதைச் சேட்டுக்கு ஒருமுறை படித்துக் காட்டு. படித்து அர்த்தமும் சொல்."

பையன் படித்தான். "ஷி வில் பே மீ..." அதற்கு மேல் படிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அத்தை, மன்னித்துக்கொள்ளுங்கள். மாற்றி எழுதிவிட்டேன்."

சேட்டும் சீட்டை வாங்கிப் பார்த்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அவரே வெட்கப்பட்டார். "மௌசி, இதை என் தம்பி பார்த்திருந்தால் உங்களிடம் பணம் கேட்டிருப்பான்!" என்றார். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார்.

புதுச் சீட்டு எழுதும்போது அக்கா பக்கத்திலேயே நின்றார். "ஐ முதலில் வரட்டும் தம்பி. ஹெர் என்று மட்டும் எழுதாதே. என் பெயரையும் எழுது. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுது" என்று சொன்னார். எழுதி முடித்ததும் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தார். பிறகுதான் சுருக்குப் பையில் வைத்தார்.

பத்து நாள் கழித்துச் சம்பளப் பணம் வந்தது. சேட்டின் தம்பி சீட்டைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 4,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அக்கா நேராக அரிசிக் கடைக்குப் போனார்.

நினைவில் கொள்வோம்

1. செய்பவருக்கு ஐ, ஹி, ஷி, வி, தே. ஏற்பவருக்கு மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். யூ, இட் மாறுவதில்லை.

2. முதலில் செய்பவர், நடுவில் செயல், பிறகு ஏற்பவர்.

3. டு, ஃபார், வித், ஃப்ரம் ஆகியவற்றுக்குப் பின்னால் ஏற்பவர் சொல்லே வரும்.

4. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் மற்றவரை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

5. கடிதத்திலும் சீட்டிலும் ஐ, மீ என்றால் கையெழுத்துப் போடுபவர். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்த ஐ நீங்கள்தான். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. பணச் சீட்டில் பிரதிப்பெயர் மட்டும் போதாது. இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். புரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பயிற்சி 1: சரியான சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

1. (ஐ / மீ) குக் இட்லி. நான் இட்லி சமைக்கிறேன்.
2. த டாக்டர் கால்டு (ஷி / ஹெர்). டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.
3. (தே / தெம்) ஹெல்ப்டு (வி / அஸ்). அவர்கள் எங்களுக்கு உதவினார்கள்.
4. கிவ் த கீ டு (ஹி / ஹிம்). சாவியை அவனிடம் கொடுங்கள்.
5. மை சன் அண்ட் (ஐ / மீ) வென்ட் டு த மார்க்கெட். நானும் என் மகனும் சந்தைக்குப் போனோம்.
6. ப்ளீஸ் வெயிட் ஃபார் மை சன் அண்ட் (ஐ / மீ). எனக்காகவும் என் மகனுக்காகவும் காத்திருங்கள்.

பயிற்சி 2: பணம் யாருக்கு வரும்?

இவற்றை நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் வருமா, உங்களிடமிருந்து போகுமா?

1. ஹி வில் பே மீ 500 ருபீஸ்.
2. ஐ வில் பே தெம் 500 ருபீஸ்.
3. தே வில் பே அஸ் 500 ருபீஸ்.

பயிற்சி 3: பெயரை எடுத்துவிட்டுப் பிரதிப்பெயர் போடுங்கள்

1. லட்சுமி கால்டு குமார்.
2. குமார் கால்டு லட்சுமி.

விடைகள்

பயிற்சி 1: 1. ஐ. 2. ஹெர். 3. தே, அஸ். 4. ஹிம். 5. ஐ. 6. மீ.

பயிற்சி 2: 1. வரும். 2. போகும். 3. வரும்.

பயிற்சி 3: 1. ஷி கால்டு ஹிம். 2. ஹி கால்டு ஹெர்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு, ரசீது, கடிதம் ஏதாவது இருக்கும். அதை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். ஐ எங்கே, மீ எங்கே, யூ எங்கே என்று தேடிக் கோடு போடுங்கள். யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லுங்கள். அவர் கொண்டு வந்ததையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.